மூன்றாம் நம்பர் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றிய ஒன்பது நாள்

அப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்று அடித்துச் சொல்கிறவர்கள் அந்த மில்லுக்குள் கால் வைக்காதவர்கள். நடந்தது, என் காதால் கேட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறவர்களில் பாதிப் பேர் அந்த வாரம் லீவில் இருந்தவர்கள். காதால் கேட்டேன் என்று சொல்வதிலேயே அவர்கள் புளுகு வெளுத்துவிடும், ஏனென்றால் அந்த ஒன்பது நாளும் கொன்றையாண்டிபட்டி மில்லில் ஒருவரும் எதையும் காதால் கேட்கவில்லை. ஆகவே இரண்டு கட்சியையும் ஓரமாக நிறுத்திவிட்டு, அந்த மோட்டாரைக் கழற்றி மாட்டிய இருளப்பனின் பக்கத்தில் நின்று சொல்வதுதான் நியாயம்.

மில்லின் ஸ்பின்னிங் ஷெட்டில், மிஷினுக்கும் மிஷினுக்கும் நடுவே, தரையில் இரும்புச் சல்லடை பதித்திருக்கும். சல்லடைக்குக் கீழே ஆள் குனிந்து போகிற அளவுக்குச் சுரங்கம். சுரங்கத்தின் கடைசியில், பிளாண்ட் ரூமில், மூன்றாம் நம்பர் ஃபேன் உட்கார்ந்திருக்கும். ஷெட்டில் பறக்கிற பஞ்சுத் தூசியையும் சூட்டையும் முந்நூறு பேரின் மூச்சையும் தரை வழியாக உறிஞ்சி இழுத்து, தண்ணீர்த் தூறலுக்குள் விட்டு அலசி, ஈரமும் குளிர்ச்சியுமாகக் கூரை வழியே திருப்பி அனுப்பும். முப்பது வருடமாக அது இழுத்துக்கொண்டே இருந்தது. தூசியையும் சூட்டையும் மட்டும்தான் இழுக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஃபேனை ஓட்டுகிற நாற்பது குதிரை மோட்டாரை வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், கழற்றி இறக்கி சர்வீஸ் பண்ணுவது இருளப்பனின் வேலை. இருபத்தாறு வருட எலக்ட்ரீசியன் அவர். மோட்டாரின் மூடியைத் திறந்து, காற்றடித்துப் பஞ்சை வெளியேற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, விரலால் சுண்டிச் சுற்றவிட்டு, அது நிற்கிற வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். கிரீஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்க மாட்டார். மூக்குமுட்டத் தின்றவனால் ஓட முடியாது, பேரிங்கும் அப்படித்தான் என்பார். காயிலுக்கு வார்னிஷ் ஊற்றி, வயிற்றுக்குள் இருநூறு வாட்ஸ் பல்புகளைத் தொங்கவிட்டு இரண்டு நாள் காயவைத்து, ஈரம் போனதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, மறுபடி பார்த்து, அதற்குப் பிறகும் ஒரு தடவை பார்ப்பார். மில்லில் அவருக்கு ‘மூணு தடவை’ என்று பட்டப்பெயர். எதற்காக அந்த மனுஷன் எல்லாவற்றையும் மூன்று தடவை பார்க்கிறார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், அது பின்னால் வரும்.

அந்த வருடம் பூஜைக்காக மில் முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். பிளாண்ட் ரூமுக்கு வந்த பெயிண்டர், ஃபேனின் கூட்டின்மேல் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டுகிற பழைய அம்புக்குறியைப் பச்சையால் மூடிவிட்டு, மூடியது மனதுக்கு உறுத்தவே, காய்ந்த பிறகு தன் கைக்கு வாகான பக்கம் பார்த்து புதிதாக ஓர் அம்பு வரைந்து, அழகுக்கு அதன் வாலைக் கொஞ்சம் வளைத்தும் விட்டுப் போனான். சர்வீஸ் முடித்த மோட்டாரைத் தூக்கி வைத்து, ஃபேனோடு இணைக்குமுன், எல்லா எலக்ட்ரீசியனும் செய்வதுபோல் இருளப்பன் பச்சைப் பட்டனை ஒரு கண்ணிமைப்பு அமுக்கி விட்டு சுற்றுகிற பக்கத்தைப் பார்த்தார். மோட்டார் அம்புக்கு எதிர்ப்பக்கம் சுற்றியது. மூன்று வயரில் எந்த இரண்டை மாற்றிப் போட்டாலும் மோட்டார் திசை மாறிவிடும், பத்து நிமிட வேலை. மாற்றினார். அம்பும் மோட்டாரும் ஒத்துப்போயின. மூன்று தடவை பார்த்தார், மூன்று தடவையும் ஒத்துப்போயின. கவனமில்லாத ஆளாக இருந்தால் இருந்தபடியே மாட்டிவிட்டுப் போயிருப்பான், ஒரு வில்லங்கமும் வந்திருக்காது.

பூஜை லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை காலை மில் ஓடத் தொடங்கியதும், சந்தனம் குங்குமம் காயாத மோட்டாரின் பேரிங்மேல் நீளத் திருப்புளியின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்டார் இருளப்பன். பேரிங் நோயாளியா என்று பார்க்க அதுதான் வழி. உள்ளேயிருந்து ஒரு குரல், பூஜைக்கு இம்புட்டூண்டு பொரியைக் குடுத்தா யாருக்குப் பத்தும் என்றது. இருளப்பன் திருப்புளியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். லீவுக்கு மாமியார் வீட்டுக்குப் போகணுமாம், நல்லாப் போனேன் என்றது. மூன்றாவது தடவை வைத்தபோது, ‘இன்னைக்கும் சொல்லலை’ என்றது. வேறு கரகரப்பு எதுவும் இல்லாததால், பேரிங் நன்றாக இருப்பதாக நோட்டில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஷெட்டில் முதலில் பாவாடைதான் விஷயத்தைச் சொன்னது. இழுக்க வேண்டிய சல்லடைகள் ஊத, பெண்களின் சேலையும் பாவாடையும் குடைபோல எழும்பின. முப்பது வருடப் பஞ்சு தரையிலிருந்து மேல்நோக்கிப் பொழிந்தது. பாவாடையை அமுக்கிக்கொண்டு வெறுங்காலோடு சல்லடைமேல் நின்ற ஜெபராணியின் கணுக்காலுக்குள் யாரோ பேசினார்கள். ஜெபராணி யூனியனில் இருப்பவள், எதற்கும் அசராதவள். குனிந்து காலைப் பார்த்தாள், நிமிர்ந்தாள், இன்னும் கொஞ்சம் நகர்ந்து இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். ஒரு மணி நேரத்துக்குள் முந்நூறு பேரும் சல்லடைமேல் நின்றுகொண்டு வேலை பார்த்தார்கள்.

வந்ததெல்லாம் பேச்சு. அந்த ஷெட்டின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று முப்பது வருடமாக ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேசியிருந்தார்கள், யார் காதுக்கும் எட்டாத அந்தப் பேச்சையெல்லாம் மூன்றாம் நம்பர் ஃபேன் பஞ்சோடு சேர்த்து இழுத்துச் சுரங்கத்தில் அடைத்து வைத்திருந்தது, இப்போது எதிர்ப்பக்கம் சுற்றித் திருப்பிக் கொடுத்தது. தண்ணீரில் அலசிய குரல் என்பதால் ஆணா பெண்ணா, கிழமா குமரியா என்று தெரியாது. எல்லாம் ஒரே குரல். பாதம் வழியாக ஏறி எலும்புக்குள் கேட்டது. கடைசியாக உள்ளே போனது முதலில் வந்தது. நேற்றைக்குப் பின்னால் முந்தாநாள், முந்தாநாளுக்குப் பின்னால் அதற்கும் முந்தின நாள் என்று, ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒரு வருடப் பேச்சு என்கிற கணக்கில் காலம் பின்னோக்கி வந்தது. இப்படியும் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நம்ம பேச்சு எப்ப வரும் என்றுதான் கேட்டார்கள்.

ஆட்கள் குறைவு என்று வருடம் முழுக்க அழுத மேனேஜர் பத்மநாபன், இரண்டாம் நாளே லீவு போட்ட ஆளையும் மெடிக்கலில் போன ஆளையும் வாசலில் பார்த்தார். நூல் அறுந்து கிடக்கவும் இல்லை, அத்தனை பேரும் மிஷினை விட்டு நகராமல் நின்றால் எப்படிக் கிடக்கும். ரிட்டயர்டு ஆனவர்கள் பாஸ் கேட்டு கேட்டில் நின்றார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே ஷிப்டில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்று, போன வைகாசியில் ஒருத்தி இன்னொருத்தியை வைத வசவைத் தங்கள் கணுக்காலில் கேட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டார்கள். கல்யாணமாகி இருபது வருடமான ஒருவர், தன் பெண்சாதி மிஷினைத் துடைத்துக்கொண்டே தன்னைப் பற்றி நல்லவிதமாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பதைக் கேட்டுவிட்டு, அன்றிலிருந்து அவளோடு பேசக் கூச்சப்பட்டார். பத்மநாபன் தானும் ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு சல்லடைமேல் ஏறினார். தனக்கு ‘ஈரத்துணி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. கோபப்படவில்லை, யார் வைத்தது என்று கண்டுபிடிக்கிறவரை இறங்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

ஆனால் ஒருவராலும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. டீக்கடையில் நின்றுகொண்டே குடித்தார்கள். ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போவதும் பாதி வழியில் திரும்புவதுமாக இருந்தார்கள். தான் எப்போது என்ன சொல்லித் தொலைத்தோம் என்று ஒவ்வொருவரும் நினைவைத் தோண்டினார்கள், நினைவு வராதவர்கள் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள். வேலை நேரத்தில் வாய் திறப்பதே நின்றுபோனது.

இதற்கு நடுவே அந்த ஒரு வார்த்தை வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளின் பேச்சும் அதோடுதான் தொடங்கியது: இன்னைக்கும் சொல்லலை. அதற்கும் முந்தின நாள்: இன்னைக்கும் சொல்லலை. தீபாவளிக்கு மறுநாள், பொங்கலுக்கு மறுநாள், மழை, வெயில், வருடம் பின்னால் போகப் போக, தவறாமல், ஷிப்ட் முடிகிற நேரத்தில் யாரோ ஒருவர் ஒருவரிடம் சொன்ன குறை: இன்னைக்கும் சொல்லலை. இது காதல்தான், எவனோ ஒரு கோழை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான் என்றாள் ஜெபராணி. ஷிப்ட் மாற்றத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று மேனேஜர் கலங்கினார். கல்யாணமாகாத பையன்கள் ஆளாளுக்கு அது தன்னைத்தான் என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

இருளப்பனுக்கு மட்டும் இந்த வேடிக்கை எதுவும் ஒட்டவில்லை. ஒரு நாளுக்கு ஒரு வருடம் என்கிற கணக்கு தெரிந்த நிமிடத்திலிருந்து அவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தச் சுரங்கத்துக்குள் அவருடைய பேச்சு ஒன்று கிடந்தது.

அந்த விபத்து நடந்து இது ஒன்பதாவது வருடம். அன்றைக்கு ஃபிட்டர் கூடலிங்கம் பேனல் ரூமுக்கு வந்து, மூணாம் நம்பருக்குள்ளே இறங்கி கிரீஸ் வைக்கப் போறேன்ணே என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரு ஆள் மிஷினுக்குள் இறங்கினால் எலக்ட்ரீசியன் மின்சாரம் வரவே முடியாதபடி மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆள் வெளியே வந்து முகத்தைக் காட்டுகிறவரை அது பையில்தான் இருக்க வேண்டும். மில்லில் எங்கும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம். இருளப்பன் ஆஃப் பட்டனை அமுக்கினார், ஆள் உள்ளே என்கிற போர்டை மாட்டினார், அஞ்சு நிமிட வேலைக்கு எதற்கு என்று கட்டையைப் பிடுங்காமல் டீ குடிக்கப் போனார். போர்டு விழுந்துவிட்டது. ஷெட்டில் காற்று இல்லையென்று யாரோ பச்சைப் பட்டனை அமுக்கினார்கள். விசாரணையில், என்கிட்டச் சொல்லாம உள்ள போயிட்டான் சார் என்று இருளப்பன் சொன்னார். அவர் சொன்னதுதான் நின்றது.

கூடலிங்கத்தின் மனைவி சீனியம்மாளுக்கு மில்லில் வேலை கொடுத்தார்கள். அவள் தினமும் கார்டு அடிக்கிற இடத்தில், சுவரில், கூடலிங்கத்தின் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கீழே, சொல்லாமல் உள்ளே சென்றதால் உயிரிழந்தார், நீங்களும் இவரைப் போல் கவனக்குறைவாக இருக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அவள் வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம், அவள் மிஷினுக்கு மேலே டியூப்லைட் மாற்றப் போன இருளப்பன், மிஷின் ஓடுகிற இரைச்சலில், அவளுக்கு எதிரே நின்று, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுச் சொன்னார். அவள் ஒரு தடவை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், குனிந்து அறுந்த நூலை ஒட்டினாள். கேட்கவில்லை என்று அவர் நினைத்தார். சொல்லிவிட்டோம் என்றும் நினைத்தார். அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம் வந்தது. மனுஷர்கள் எவ்வளவு மலிவாக நிம்மதி வாங்கிவிடுகிறார்கள்.

அந்தப் பேச்சு ஒன்பதாம் நாள் வெளியே வரும். குரல் யாருடையது என்று தெரியாவிட்டால் என்ன, சொன்ன விஷயத்திலேயே ஆள் இருக்கிறான். வேலை போகும், ஜெயிலுக்குக்கூடப் போகலாம், அதையெல்லாம்விட, இத்தனை வருடம் தங்கச்சி என்று கூப்பிட்ட பெண்ணின் முகத்தை அன்றைக்குப் பார்த்தாக வேண்டும். இருளப்பன் பேனல் ரூமுக்கும் பிளாண்ட் ரூமுக்குமாக நடந்தார். மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய், ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, மோட்டார் சூடாகிறது, இரண்டு வயரை மாற்றினால் சரியாகிவிடும் என்றார். மோட்டார் குளிர்ந்துதான் இருந்தது. சல்லடைமேல் நின்றிருந்த பத்மநாபன், ஈரத்துணி விவகாரம் இன்னும் தீரவில்லை, ஞாயிற்றுக்கிழமை மெயின்டனன்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைக் காட்டினார்.

சனிக்கிழமை கொரோனா ஊரடங்குக் காலம் வந்தது. மில் பூட்டிக் கிடந்த அந்த நாட்களுக்காக மூன்று மணி நேரம் சல்லடையிலிருந்து வெறும் காற்று வந்தது. நடுவே காவல்காரர் ஒருவர் காலி ஷெட்டுக்குள் நின்று தன் பேத்தியின் பெயரை நாலைந்து தடவை கூப்பிட்டது மட்டும் வந்தது. அவர் அந்த வருடமே போய்விட்டவர். பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், துடைத்துவிட்டு அறுந்த நூலை ஒட்டினார்கள்.

ஞாயிறு காலை மெயின்டனன்ஸுக்காக மில் கொஞ்ச நேரம் நிற்கும். இருளப்பன் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து, ஸ்பேனரை முதல் நட்டில் மாட்டினார். மாட்டியபோது வாசலில் நிழல் விழுந்தது. சுரங்கத்துப் பஞ்சைக் கூட்டுகிற வேலைக்கு வந்திருந்த சீனியம்மாள், கையில் விளக்குமாறோடு நின்றாள்.

“அதைத் தொடாதீங்க எலக்ட்ரீசியன்” என்றாள். அண்ணே என்று கூப்பிடுவதை அவள் நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தன. துக்கம் என்று அவர் நினைத்திருந்தார்.

“எதிர்ப்பக்கம் சுத்துதும்மா. சரி பண்ணணும்ல.”

“இன்னும் மூணு நாள் சுத்தட்டும். அவரு இந்தப் பிளாண்டுலதான் பதினோரு வருசம் கிடந்தாரு. தனியா இருந்தாத் தன்னால பேசுற ஆளு அவரு. மில்லுக்குள்ள என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரியாது, அப்ப நான் வீட்ல இருந்தேன். மூணு நாள்ல அவரு பேசுனது வரும். அதை நான் கேக்கணும்.”

கூடலிங்கம் பேசியது வர வேண்டுமென்றால் இருளப்பன் பேசியது வந்துதான் ஆக வேண்டும். சுரங்கத்தில் வழியை மறித்துக்கொண்டு கிடப்பதே அவர் பேச்சுதான். ஸ்பேனரை இன்னும் அரைச் சுற்றுத் திருப்பினால் போதும், பத்தே நிமிடத்தில் தான் தப்பிக்கலாம், இவள் புருஷன் இரண்டாம் தடவை செத்துப்போவான். அவள் வற்புறுத்தவில்லை, அழவில்லை, விளக்குமாற்றைக் கீழே வைக்கவும் இல்லை. அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருளப்பன் நட்டைத் திருப்பி இறுக்கி, பெட்டியை மூடி, பியூஸ் கட்டைகளைத் திரும்ப மாட்டினார். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கினாள். அவள் வெளியே வருகிறவரை கட்டைகள் பையில்தான் இருந்திருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்து, ஓடிப்போய் மறுபடி பிடுங்கிக்கொண்டு பேனலுக்குக் கீழே உட்கார்ந்தார். மூன்று தடவை பார்க்கிற மனுஷன், ஒரு தடவைகூடப் பார்க்காமல் மாட்டியிருந்தார்.

திங்களும் செவ்வாயும் அவர் சாப்பிட்டாரா என்று அவருக்கே தெரியாது. வீட்டில் நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றுவதைப் பார்த்து, மோட்டாரைக் கழற்றினீகளா இல்ல வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டீகளா என்றாள் மனைவி. வெளியூர் போய்விடலாம் என்று பஸ் ஸ்டாண்டுவரை போனார். மதுரை பஸ் வந்தது, போனது, அடுத்ததும் வந்தது, போனது. திரும்பி மில்லுக்கே நடந்தார். அவரால் வேறு எங்கும் நிற்க முடியவில்லை, அந்தச் சல்லடைமேல் நிற்கவும் முடியவில்லை.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, எட்டு வருடமும் சில மாதங்களும் பின்னால் போயிருந்த நேரத்தில், இருளப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு ஷெட்டுக்குள் வந்து சீனியம்மாளின் மிஷினுக்குப் பக்கத்துச் சல்லடைமேல் ஏறினார். இன்னைக்கும் சொல்லலை. நூலை ஒட்டிக்கொண்டிருந்த சீனியம்மாள் நிமிரவில்லை. இன்னைக்கும் சொல்லலை. முந்நூறு பேரின் கணுக்காலிலும் அது ஏறி இறங்கியது. பிறகு அந்த வார்த்தை நின்றது. எட்டு வருடத்துக்கும் மேலாகத் தினமும் வந்த வார்த்தை நின்றதும், எல்லாருமே தலையைத் தூக்கினார்கள். அதற்கு முந்தின நாளின் கடைசிப் பேச்சு வந்தது; இத்தனை வருட வார்த்தைக்கும் அதுதான் மூலம்:

‘சத்தத்துக்குள்ள நின்னு சொன்னா சொன்னதா ஆயிருமா இருளப்பண்ணே? சத்தம் இல்லாத இடத்துல, நாலு பேரு கேக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் நீங்க என்கிட்ட எதுவும் சொல்லலை. நான் இங்கதான் நிப்பேன்.’

ஸ்பின்னிங்கில் இரண்டு மாதம் நின்ற எந்தப் பெண்ணும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். அந்த இரைச்சலில் வேறு வழி கிடையாது, மில்லில் சின்னப் பெண்ணுக்கும் அது தெரியும். தெரியாத ஆட்கள் எலக்ட்ரீசியன்கள் மட்டும்தான். அவர்கள் பெரும்பாலும் வருவது மிஷின் நின்ற பிறகு, மிஷின் நின்ற இடத்தில் எல்லாரும் சாதாரணமாகத்தான் பேசுவார்கள். பதில் சொல்லும்போது அவள் உதட்டைக் காட்டியிருந்தாலும் அவருக்குப் படிக்கத் தெரிந்திருக்காது. அவள் திரும்பி நின்றுதான் சொல்லியிருந்தாள்.

காலம் பின்னோக்கி வருவதால் பதில் முன்னால் வந்துவிட்டது. கேள்வி இனிமேல்தான் வர வேண்டும். முந்நூறு முகங்கள் இருளப்பனைப் பார்த்தன. அடுத்த மூச்சில் அவருடைய பேச்சு தரையிலிருந்து ஏறும்.

அவர் ஓடினார். ஃபேனை நிறுத்தத்தான் ஓடுகிறார் என்று ஜெபராணி பின்னாலேயே பாய்ந்தாள். அவர் மூன்றாம் நம்பர் பேனலைத் தாண்டி ஓடினார், மெயின் பிரேக்கரின் கைப்பிடியைப் பிடித்து மொத்த மில்லையும் கீழே இழுத்தார். விளக்கு அணைந்தது. பதினாறாயிரம் கதிர்களும் மெல்ல மெல்ல வேகம் தணிந்து, முனகி, நின்றன. கூரை ஓட்டைகளில் இறங்கிய வெயிலில் பஞ்சு மட்டும் மிதந்தது. ஷெட்டுக்கு வெளியே எங்கோ ஒரு ஆடு கத்துவது கேட்டது. அந்த ஷெட்டில் நின்று ஒரு ஆட்டின் சத்தத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை.

இருளப்பன் திரும்பி வந்து சீனியம்மாளுக்கு எதிரே நின்றார்.

“கூடலிங்கம் என்கிட்டச் சொல்லிட்டுத்தான் உள்ள போனான். நான் கட்டையைப் பிடுங்கல. விசாரணையில பொய் சொன்னேன். அவன் மேல தப்பு இல்லை. தப்பு என்னுது.”

பத்மநாபன் வெறுங்காலோடு சல்லடையிலிருந்து இறங்கி நின்றார்.

“டீ குடிக்கத்தான் போனீகளா?” என்று கேட்டாள் சீனியம்மாள்.

“ஆமா.”

“எம்புட்டு நேரம்?”

“ஒரு டீ குடிக்கிற நேரம்.”

அவள் தலையை ஆட்டினாள். அந்த நேரத்தை மனசுக்குள் அளந்து பார்ப்பதுபோல் கொஞ்சம் நின்றாள். மன்னிச்சுட்டேன் என்று சொல்லவில்லை, மண்ணாப் போயிருவே என்றும் சொல்லவில்லை. ஜெபராணி விடுவிடுவென்று வெளியே போய் ஸ்டூலைப் போட்டு ஏறி, கார்டு அடிக்கிற இடத்துச் சுவரிலிருந்து போட்டோவை இறக்கி, கீழே எழுதியிருந்ததைக் கிழித்துவிட்டுப் போட்டோவை மட்டும் கொண்டுவந்து சீனியம்மாளின் தூக்குவாளிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

“லைனைப் போடுங்க” என்றாள் சீனியம்மாள். “உங்க பேச்சுக்கு அந்தப் பக்கம் அவரு இருக்காரு.”

இருளப்பனைச் சஸ்பெண்ட் செய்ததும், பழைய விசாரணையை மறுபடி திறந்ததும், அவர் வரச் சொன்ன இடத்துக்கெல்லாம் போய் அதையே மறுபடி மறுபடி சொன்னதும், வெளியூரிலிருந்து வந்த இன்னொரு எலக்ட்ரீசியன் மறுநாள் இரண்டு வயரை மாற்றிப் போட்டு ஃபேனை ஒழுங்காக்கிவிட்டுப் போனதும், அதற்குப் பிறகு இன்றுவரை அந்த மில்லில் ஜனங்கள் வாய்க்குள் பேசுவதைக் குறைத்துக்கொண்டதும் எல்லாம் பின்னால் நடந்தவை. அந்தப் புதன்கிழமை அவர் செய்த கடைசி வேலை, நேராகப் போய் பிரேக்கரை மேலே தள்ளியதுதான்.

மில் மறுபடி இரைந்தது. சல்லடையிலிருந்து இருளப்பனின் பழைய பேச்சு வந்தது; ஏற்கெனவே கேட்டதைக் கேட்பதுபோல எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு சீனியம்மாள் புதிதாக வேலைக்கு வந்து திக்குமுக்காடிய மாதங்கள் வந்தன. அதற்குப் பிறகு, இறந்தவனைப் பற்றி ஆளுக்கொன்றாகச் சொன்னதெல்லாம் வந்தன. ஷிப்ட் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இரவு பத்து மணிக்கு மேல், அலசிய குரலில், சாவதானமாக, ‘ஆச்சுண்ணே, வெளிய வாரேன்’ என்றது.

கூடலிங்கம் அதைச் சொன்னபோது கேட்க வேண்டியவர் டீக்கடையில் இருந்தார். வாசலோரம் நின்ற இருளப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுகை யாருக்கும் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

சீனியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. மிஷினை விட்டுவிட்டு, சல்லடைமேல் இரண்டு காலையும் சேர்த்து நின்றாள். கொஞ்ச நேரம் வெறும் காற்று. பிறகு, அவள் புருஷன் செத்த அன்றைக்கு, சாப்பாட்டு நேரம் முடிந்து பிளாண்டில் தனியாக இருந்த ஒருவன் பேசியது மெல்ல ஏறியது. ‘எங்க வீட்டு மேஸ்திரி எலுமிச்சம்பழச் சோத்துல உப்பையே மறந்துட்டா. போய்ச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. நாளைக்குச் சொல்லிக்கிருவோம்.’

பக்கத்து மிஷின் பெண்கள் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருடத்தில் இல்லாத கோபம் அவள் முகத்தில் வந்தது, சொந்த வீட்டுக்குள் மட்டும் காட்டுகிற கோபம். அவள் குத்தவைத்து உட்கார்ந்து, சல்லடைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

“உப்புப் போட்டுத்தான் இருந்தேன்” என்றாள். “அடியில கிடந்துச்சு. கிண்டித் தின்னுருக்கணும்.”